காய்ச்சலுக்கு நான் சொன்ன நியாயங்கள்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிப்பது என் தொழில். என் மனைவி அந்தப் பாடத்தை ஒரு நாளும் படித்ததில்லை. அவள் சாகக் கிடந்த நாட்களைப் பற்றி எழுதவேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, இரண்டு வரியோடு எழும்பிப் போயிருக்கிறேன். இந்த முறை எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

அந்த மாரியில் மழை விட்டுக் கொடுக்கவில்லை. ஆரையம்பதியில் எங்கள் வளவு வாவிப் பக்கமாக இருக்கிறது. வாவி நிறைந்தால் முதலில் பின்பக்கத்து வடிகால் கான் நிறையும், பிறகு கிணற்றடி, பிறகு குசினிப் படி. முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு வழி விடும்வரை தண்ணீர் எங்கும் போகாது. அந்த முறை குசினிப் படிவரை வந்து மூன்று நாள் நின்றது. பாடசாலைக்கு விடுமுறை. நான் முன்னறையில், ஒரு கதிரையில் இருந்து இன்னொரு கதிரையில் காலைப் போட்டுக்கொண்டு, மாணவருக்கான பயிற்சிப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். போலிகள் பற்றிய அத்தியாயம்.

போலி என்றால், பார்க்கச் சரியான நியாயம் போலவே இருக்கும், ஆனால் நியாயம் இல்லை. வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் எங்கள் ஊருக்குரியது. முகத்துவாரம் வெட்டினால் வாவியில் தண்ணீர் இறங்கும். இது உண்மை. இன்றைக்கு வாவியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆகவே முகத்துவாரம் வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் சரி என்று தலையாட்டுவார்கள். கடும் வெயிலுக்கும் தண்ணீர் இறங்குமே என்று நான் கேட்டதும் சிரிப்பார்கள். இதற்குப் பெயர் பிற்கூறை விதித்தல். மற்றது இதன் மறுபக்கம். முகத்துவாரம் வெட்டவில்லை, ஆகவே தண்ணீர் இறங்கியிராது என்பது. இது முற்கூறை மறுத்தல். இந்த இரண்டையும் நான் எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பரீட்சையில் என் பிள்ளைகள் அந்தக் கேள்வியில் புள்ளி விடுவதில்லை என்று எனக்கொரு பெருமை இருந்தது.

தண்ணீர் வற்றிப் பத்து நாள் இருக்கும். ஒரு பின்னேரம் அவள் கொடியில் இருந்த உடுப்பை எடுத்துக்கொண்டு வந்தவள், அப்படியே கட்டிலில் சரிந்தாள்.

"இஞ்ச பாருங்க, குளிருது. அந்தப் போர்வைய எடுங்க."

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்குக் காய்ச்சல் என்று வந்தால் வீடே நின்றுபோகும். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். காய்ச்சல் குளிசை கொடுத்தேன். அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் டெங்கு. மழை விட்டால் எங்கள் பக்கம் டெங்கு வரும், எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்த நாள் தனியார் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளேட்லட் குறைந்திருந்தது. வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, "டெங்குவா இரிக்கலாம். வேற காய்ச்சலாவும் இரிக்கலாம். நாளைக்கும் ஒருக்காப் பாக்கோணும். ஒண்டுக்குப் போறது குறைஞ்சா நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் பேரில் ஒரு பிழையும் இல்லை. 'இரிக்கலாம்' என்று அவர் சொன்னதை, வீடு வருவதற்கிடையில் 'தான்' என்று மாற்றியது நான். டெங்கு என்றால் காய்ச்சல் வரும், உடம்பு நோகும், பிளேட்லட் இறங்கும். இவளுக்குக் காய்ச்சல், உடம்பு நோ, பிளேட்லட் இறங்கியிருக்கிறது. ஆகவே டெங்கு. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டிருப்பேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. டெங்கு எனக்குப் பழக்கமான பெயர். ஒழுங்கையில் அது வந்த மூன்று பேரும் எழும்பி நடந்துவிட்டார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. பப்பாசி இலையை இடித்துச் சாறு எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

"கால் ரெண்டும் முறிச்சுப் போட்டாப்போல கிடக்கு," என்றாள்.

"டெங்குக்கு அப்பிடித்தான். எலும்பெல்லாம் நோகும்."

"எலும்பு இல்ல. இஞ்ச, பின்னுக்குச் சதை."

"ஓமோம். எல்லாம் அதுதான்."

மூன்றாம் நாள் காலையில் அவளுடைய அண்ணன் வந்தார். வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, தங்கையின் தலைமாட்டில் நிற்காமல் கால்மாட்டில் போய் நின்றார். போர்வைக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தார்.

"புள்ள, இதில நோகுதா?" என்று கேட்டுக் கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார்.

அவள் வீரிட்டுக் கத்தினாள். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது.

அவர் என்னை வெளியே கூப்பிட்டார். கிணற்றடியில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மச்சான், இது எலிக்காய்ச்சல். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"என்னெண்டு சொல்றீங்க?"

"எலிக்காய்ச்சலெண்டா கெண்டைக்கால் இப்பிடித்தான் நோகும். அவக்கு நோகுது. வேறென்ன?"

எனக்குள் வாத்தியார் விழித்துக்கொண்டார். இப்போது நினைக்கும்போது உடம்பு கூசுகிறது. என் மனைவி உள்ளே முனகிக்கொண்டிருக்க, நான் அவளுடைய அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன்.

"மச்சான், நீங்க சொல்றது பிழை. எலிக்காய்ச்சல் வந்தா கால் நோகும், சரி. கால் நொந்தா எலிக்காய்ச்சல் எண்டு வராது. டெங்குக்கும் நோகும். நடந்தாலும் நோகும். இதைத்தான் நாங்க போலி எண்டு சொல்றது."

"எனக்கு உங்கட படிப்பு விளங்காது. எங்கட வயல் வட்டையில போன மாரிக்கு ஒராள் இப்பிடித்தான் கிடந்தார். நாலாம் நாள் கண் மஞ்சளாப் போய்ட்டு. மறுகா ஆள் இல்ல."

"அவர் வயல்ல நிண்டவர். எலி மூத்திரம் வயல் தண்ணிக்குள்ள. இவ வயல்ல இறங்கல்லையே. எங்களுக்கு வயலே இல்லையே."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிணற்றுக் கட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க படிச்சவர். உங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். உள்ளே போய்த் தங்கையின் தலையைத் தடவிவிட்டு, கொண்டுவந்த செவ்விளநீரை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போனார். விவாதத்தில் வென்ற திருப்தி எனக்கு இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. பயத்துக்கு மேல் ஒரு மெல்லிய ஆடை போல அந்தத் திருப்தி. அன்றைக்குத் திரும்பவும் இரத்தம் பார்க்கச் சொன்ன வைத்தியரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை.

நான்காம் நாள் விடிய நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. என் சந்தோஷத்துக்கு அளவில்லை. சுகம் வந்தால் காய்ச்சல் விடும், காய்ச்சல் விட்டிருக்கிறது, சுகம் வந்துவிட்டது. மறுபடியும் அதே குழிதான். அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன்.

பத்தரை மணிக்கு இடைவேளையில் அவளுக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நித்திரையாக இருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் அவள் எடுக்கவில்லை. அதிபரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் குசினிக்கும் அறைக்கும் நடுவில் நிலத்தில் இருந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் கால்களைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவந்து, அந்தச் சிவப்புக்கு அடியில் மஞ்சள். அண்ணன் சொன்ன மஞ்சள்.

"ஏன் நிலத்தில இரிக்கிற?"

"ஒண்டுக்குப் போவம் எண்டு எழும்பினன். வருகுதில்ல. நேத்துப் பின்னேரத்துக்கு மறுகா வரவே இல்ல."

நேற்றுப் பின்னேரம். வைத்தியர் சொன்ன ஒரே எச்சரிக்கை அது. நான் ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை. கதவுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினேன்.

ஓட்டோக்காரர் காத்தான்குடி ஆள். அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தானே வந்து ஒரு பக்கம் பிடித்தார். வழியெல்லாம் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார். கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் நெருங்கி நின்றபோது, தலையை வெளியே நீட்டி, "ஆள் சரியில்ல, வழி விடுங்க!" என்று கத்தினார். ஆள் சரியில்லை. அந்த வார்த்தையை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் தலை என் தோளில் பாரமாக இருந்தது. கீழே வாவி வெயிலில் மின்னியது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் வைத்தியர் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமர்த்தினார், கெண்டைக்காலைத் தொட்டார். அவள் கத்தினாள்.

"எலிக்காய்ச்சல் மாதிரித் தெரியுது," என்றார்.

"அவ வயலுக்குப் போகல்ல, டொக்டர்," என்றேன். அப்போதும் சொன்னேன்.

வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக் குனிந்தார்.

"அம்மா, வெள்ளத் தண்ணிக்குள்ள நிண்டீங்களா?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நாளும். பின்னுக்குக் கான் அடைச்சுப் போய்ட்டு. தண்ணி குசினிக்குள்ள வரப் பாத்திச்சு. மண்வெட்டியால இழுத்து இழுத்து விட்டன்."

"செருப்புப் போட்டா?"

"சேத்துக்குள்ள செருப்பு எங்க?"

வைத்தியர் அவளுடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிக்காலில் பித்தவெடிப்பு, கோடு கோடாக. ஒரு வெடிப்பு இன்னும் ஆறாமல் சிவந்து கிடந்தது.

மூன்று நாளும் அவள் தண்ணீருக்குள் நின்றாள். அதை நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வைத்தியர் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் அறிந்தேன். நனைந்த பாவாடைக் கரையோடு அவள் முன்னறைக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தது நினைவுக்கு வந்தது. நான் கொப்பியில் இருந்து கண்ணை எடுக்காமல் கோப்பையை எடுத்ததும் நினைவுக்கு வந்தது. எல்லாம் என் கண்ணுக்கு முன்தான் நடந்தது.

"அப்ப டெங்கு இல்லையா?" என்று கேட்டேன்.

"அதையும் பாப்பம். இது எண்டு நினைக்கிறதால அது இல்லையெண்டு சொல்லேலாதே. ரெண்டுக்கும் இரத்தம் அனுப்புறன். ஆனா முடிவு வரக் காத்துக்கொண்டிரிக்க நேரமில்ல, ஐயா. எலிக்காய்ச்சலா இருந்து பிந்தினா கஷ்டம். மருந்த இப்பவே தொடங்கிறன்."

ஒன்றும் நிச்சயமாகத் தெரியாமலே ஊசி போட்டார்கள். எது தவறிப்போனால் அதிகம் ஆபத்தோ அதற்கு முதலில் காவல் போட்டார்கள். நான் இத்தனை வருடம் படிப்பித்ததில் இதற்கு ஒரு விதி இருக்கவில்லை.

பெண்கள் வாட்டில் ஆண்கள் நிற்கமுடியாது. அண்ணனுக்குச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் அவரும் அவருடைய மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அண்ணனின் மனைவி உள்ளே நின்றார். நாங்கள் இரண்டு பேரும் வெளி விறாந்தையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அன்று பின்னேரம் வைத்தியர் வெளியே வந்து சொன்னார், கிட்னி இரண்டும் வேலை செய்வதை நிறுத்தப் பார்க்கின்றன, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டி வரும், கையெழுத்து வேண்டும் என்று. போட்டேன்.

அந்த விறாந்தையில் ஆறு நாள் இருந்தேன். பயம் என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பயம் ஒரு சத்தமாக வரும் என்று நினைத்திருந்தேன். அது ஒரு கணக்காக வந்தது. அண்ணனின் மனைவி ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, போத்தலில் எவ்வளவு மூத்திரம் என்று விரலால் காட்டுவார். முதல் நாள் விரல் நுனி. இரண்டாம் நாள் அதுவும் இல்லை.

நான் பைத்தியக்காரத்தனமான நிபந்தனைகள் போட ஆரம்பித்தேன். அடுத்து உள்ளே வரும் ஓட்டோ பச்சையாக இருந்தால் பிழைப்பாள். இந்தக் காகம் நான் பத்து எண்ணுமுன் பறந்தால் பிழைப்பாள். சிவப்பு ஓட்டோ வந்தது. அப்போது என்னை நானே திருத்தினேன்: பச்சை வந்தால் பிழைப்பாள் என்றுதானே சொன்னேன், பச்சை வராவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று சொல்லவில்லையே, முற்கூறை மறுத்து முடிவுக்கு வரமுடியாது. அங்கே இருந்துகொண்டு அந்த விதியைப் பிடித்துத் தொங்கினேன். என் வாழ்க்கையில் அந்தப் பாடம் எனக்கு ஆறுதல் தந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு ஓட்டோவின் நிறத்துக்காக.

மூன்றாம் நாள் காலை. ஏழாம் கட்டிலில் ஒரு வயதான அம்மா இருந்தார். அவருடைய மகன் எனக்குப் பக்கத்தில்தான் இரண்டு நாளாக இருந்தார், பெரியகல்லாற்றில் மீன்பிடிக்கிறவர். காலையில் சிற்றூழியர் ஒருவர் கதவைத் திறந்து, "ஏழாம் கட்டில் ஆக்கள் ஆரு? உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். அவர் எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவருடைய அழுகுரல் கேட்டது. ஒரு ஆண் அப்படி அழுவதை நான் கேட்டதில்லை.

பத்து மணி இருக்கும். அதே கதவு திறந்தது. அதே சிற்றூழியர்.

"பதினொராம் கட்டில் ஆக்கள் ஆரு? உள்ள வாங்க."

அது எங்கள் கட்டில்.

ஆள் இறந்தால் உறவினரைக் கூப்பிடுவார்கள். எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே. எனக்கு நன்றாகத் தெரியும், அந்த 'ஆகவே' செல்லாது. ஆயிரம் காரணத்துக்குக் கூப்பிடலாம். இந்தப் போலியின் பெயர் எனக்குத் தெரியும், அதன் வடிவத்தை நித்திரையிலும் எழுதுவேன். ஆனால் என் கால்களுக்கு அது தெரியவில்லை. எழும்பமுடியவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தேன். அண்ணன் என் கைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"நான் போய்ப் பாக்கிறன். நீங்க இரிங்க."

"இல்ல. நான் வாறன்."

"மச்சான், இரிங்க எண்டு சொல்றன்."

அவர் போனார். கதவு மூடியது. நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன், ஒரு அழுகுரலுக்காக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அண்ணன் வெளியே வந்தார். அவர் முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை.

"ஒரு போத்தல் தண்ணியும் துவாயும் வேணுமாம். பழைய துவாய் ஊத்தையாப் போச்சாம்."

நான் சிரிக்கவில்லை. வாங்கில் குனிந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதேன். அண்ணன் கடைக்குப் போய்த் துவாய் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தோம். அப்போதுதான் என்னால் அதைச் சொல்லமுடிந்தது.

"மச்சான், அண்டைக்கு நீங்க சொன்னதக் கேட்டிரிக்கோணும்."

"நீங்க சொன்னதும் சரிதானே," என்றார் அவர். "நான் சொன்ன ஞாயம் பிழையெண்டுதானே சொன்னீங்க. கால் நொந்தா உடன அதுதான் எண்டு இல்லத்தானே."

"ஞாயம் பிழை. நோய் சரி."

அவர் சோற்றுப் பார்சலைத் திரும்ப மடித்தார். "நான் ஏன் வாயப் பொத்திக்கொண்டு போன எண்டுதான் யோசிக்கிறன். தூக்கி ஓட்டோவில போட்டுக்கொண்டு வந்திரிக்கோணும். என்ட தங்கச்சி."

அவர் தன்னைக் குற்றம் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. அதைத் தாங்குவதுதான் அதிகம் கடினமாக இருந்தது.

அந்த வாங்கில் இருந்தபோது என் பிழையின் முழு வடிவமும் எனக்குத் தெரிந்தது. டெங்கு என்று நான் முடிவெடுத்தது ஒரு போலி. வயலில் இறங்கவில்லை, ஆகவே எலிக்காய்ச்சல் இல்லை என்றது இன்னொன்று. இவை இரண்டும் யாரும் விடக்கூடிய பிழைகள். மூன்றாவது பிழை படித்தவனுக்கு மட்டும் வரக்கூடியது. நியாயம் சரியாகவும் எடுத்துக்கொண்டவை உண்மையாகவும் இருந்தால் முடிவு உண்மையாக இருக்கும். அண்ணனின் நியாயம் சரியில்லை. ஆகவே அவருடைய முடிவு உண்மையில்லை. நான் கிணற்றடியில் நின்று அவருக்குப் போலியைக் காட்டிக்கொடுத்த அதே மூச்சில், முற்கூறை மறுத்து ஒரு முடிவுக்குப் போனேன். பிழையான வழியாலும் ஒரு மனிதர் சரியான இடத்துக்கு வந்து சேரலாம். அவர் வழியைத் தவறென்று காட்டியதோடு நான் நின்றிருக்கவேண்டும். அந்த இடத்தை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கவேண்டும். கெண்டைக்காலை அழுத்தியபோது அவள் போட்ட சத்தம், நியாயமாக இல்லாவிட்டாலும், ஒரு தகவல். நான் அதைத் தகவலாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று தடவை இயந்திரத்தில் போட்டார்கள். இதற்கிடையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எலிக்காய்ச்சல்தான், டெங்கு இல்லை. ஐந்தாம் நாள் பின்னேரம் அண்ணனின் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். விரலைக் காட்டவில்லை. முழங்கையில் கையை வைத்துக் காட்டினார்.

"இந்தளவு! போத்தல் நிறைஞ்சு போச்சு! நேர்ஸ் மிஸ்ஸே சிரிக்கிறா."

மூத்திரத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதன் நான். அண்ணன் வாங்கில் இருந்து எழும்பி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் வீட்டுக்கு வர இன்னும் இரண்டு கிழமை சென்றது. வந்து முதல் நாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"வயலுக்குப் போகல்ல எண்டு டொக்டருக்குச் சொன்னீங்களே, என்ன?"

"ஓம்."

"நான் கானுக்குள்ள நிண்டது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நாலஞ்சு தரம் கூப்பிட்டனே. ஒள்ளம் நேரம் வந்து கானில அடைச்சுக் கிடந்த கல்லப் பிடிங்க எண்டு."

"கேக்கல்ல."

அவள் கோபப்படவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், ஒரு தெரியாத ஆளைப் பார்ப்பது போல. அந்தப் பார்வை எனக்கு விறாந்தையில் இருந்த ஆறு நாளையும்விடப் பயமாக இருந்தது. பிறகு, "சரி, தேத்தண்ணி போடுங்க" என்றாள்.

அடுத்த தவணை போலிகள் பாடம் வந்தபோது, நான் வெண்பலகையில் எழுதிவிட்டு வழக்கமில்லாத ஒன்றைச் சொன்னேன். ஒரு நியாயம் போலி என்று நீங்கள் கண்டுபிடித்தால், முடிவு பொய் என்று கண்டுபிடித்ததாக நினைக்கவேண்டாம். அந்த நியாயம் முடிவைத் தாங்கவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். முடிவு இன்னும் அங்கேயே நிற்கிறது, உண்மையாகவும் இருக்கலாம்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை கை உயர்த்தினாள்.

"அப்ப சேர், போலியக் கண்டுபிடிச்சு என்ன பிரயோசனம்?"

"மறுகா என்ன செய்யோணும் எண்டு தெரியும்."

"என்ன செய்யோணும், சேர்?"

"போய்ப் பாக்கோணும். கேக்கோணும்," என்றேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள், பரீட்சைக்கு வருமோ என்று. வராது என்று நான் சொல்லவில்லை.

இப்போது மாதம் ஒரு தடவை கிளினிக். கிட்னி எப்படி இருக்கிறது என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். முடிவை ஒரு தாளில் மடித்துத் தருவார்கள். வரிசையில் நின்று அதை வாங்குவது நான். மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினால் கெட்ட செய்தி என்று மனம் சொல்லும். சிரித்துக்கொண்டு நீட்டினால் பரிதாபத்துக்குச் சிரிக்கிறார் என்று சொல்லும். எப்படி நீட்டினாலும் பயத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. போன மாதமும் அப்படியே மடித்தபடி கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வாங்கில் இருந்து எழும்பி வந்து, என் கையில் இருந்து தாளை எடுத்தாள். விரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, விரலால் வரியைப் பிடித்து வாசித்தாள்.

"போன மாசத்த விட நல்லம்," என்றாள். "வாங்க, பஸ் வந்திரும்."